புதிய சிப் வரட்டும். நீங்கள் ராமைக் கேளுங்கள்!

"இன்னும் மூன்று மாதத்தில் புது சிப் வரப்போகிறதாமே! இப்போது லேப்டாப் வாங்கலாமா, கொஞ்சம் பொறுத்து வாங்கலாமா?"

கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்க்கும் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. நான் குடியிருக்கும் சேலையூர் பக்கத்தில் இன்ஜினீயரிங் கவுன்சிலிங் தொடங்கியதும் இந்தக் கேள்வி வந்துவிடும். கிரசென்ட், எஸ்.ஆர்.எம்., எம்.சி.சி. என்று பிள்ளைகள் கல்லூரியில் சேரும் வீடுகளில் ஒரு முறை. ஆயுத பூஜைக்கு முன்னால் இன்னொரு முறை. போனஸ் வந்தபிறகு மற்றொரு முறை. கேட்பவர்கள் பெரும்பாலும் வாழ்க்கையில் முதல்முறையாக லேப்டாப் வாங்குகிறவர்கள். அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்கு வேறு வாங்கப் போவதில்லை. எனவே கேள்வி நியாயமானதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரப்போகும் சிப் எது என்று ஊகித்துக்கொண்டிருப்பதால் வீட்டு உபயோகிப்பாளருக்குக் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. வாங்கிய பிறகு மாற்றவே முடியாத பாகம் எது, அது போதுமான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் லாபம். இப்போது வரும் லேப்டாப்களில் அந்தப் பாகம் பெரும்பாலும் ராம். ஏன் என்று விரிவாகப் பார்க்கலாம்.

நம் ஊரிலேயே தயாராகிறது

லேப்டாப் என்றால் எங்கோ சீனாவில் செய்து கப்பலில் வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டை தாண்டி தாம்பரம் வருகிறவர்கள் சானடோரியம் அருகே மெப்ஸ் வளாகத்தைப் பார்த்திருப்பீர்கள். 1984ல் ஏற்றுமதிக்காக அமைக்கப்பட்ட வளாகம் அது. 2025 ஜனவரியில் அங்கே சிர்மா எஸ்.ஜி.எஸ். நிறுவனத்தின் லேப்டாப் தயாரிப்புப் பிரிவை மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் திறந்து வைத்தார். தைவானைச் சேர்ந்த எம்.எஸ்.ஐ. நிறுவனத்துக்காக, தொடக்கத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் லேப்டாப்கள் தயாரிப்பது திட்டம் என்று அப்போது அறிவித்தார்கள்.

இது முதல் முயற்சியும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனத்தின் தொழிற்சாலை 2007ல் தொடங்கியது. அலுவலகங்களுக்கு என்றே விற்கப்படும் எலைட்புக், புரோபுக் வகை லேப்டாப்களை ஸ்ரீபெரும்புதூரில் ஃபிளெக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து தயாரிப்பதாக எச்.பி. 2021ல் அறிவித்தது. 2023 மே மாதம் மத்திய அரசு கம்ப்யூட்டர் தயாரிப்புக்காக 17,000 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் லேப்டாப் இறக்குமதிக்குக் கட்டுப்பாடும் கொண்டுவந்தது. பிறகு அது அனுமதி பெற்று இறக்குமதி செய்யும் முறையாக மாறியது. இவற்றின் பலனாகத்தான் பல நிறுவனங்கள் இங்கே வருகின்றன.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் இங்கே நடப்பது பாகங்களைப் பொருத்தி, சோதித்து, பெட்டியில் போடும் வேலை. சிப்பின் வடிவமைப்பைத் தீர்மானிக்கும் இன்டெல், ஏ.எம்.டி., ஆப்பிள், குவால்காம் ஆகிய நான்கு நிறுவனங்களின் தலைமையகமும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கின்றன. அந்த சிப்களில் பெரும் பகுதி தைவானின் டி.எஸ்.எம்.சி. தொழிற்சாலைகளில் அச்சாகிறது. நமக்கு வருவது அவர்கள் முடிவு செய்து அனுப்பியது. எனவே "மெப்ஸில் தயாரானது" என்பதால் உள்ளே இருக்கும் சிப்பின் வேகம் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

வருகிறது, வருகிறது என்று சொல்லப்படுபவை

சிப் பற்றிய ஊகச் செய்திகள் ஆண்டு முழுக்க வந்துகொண்டே இருக்கும். எதுவரை உறுதியான செய்தி, எங்கிருந்து ஊகம் என்று பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் உறுதியானவை. 2026 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் இன்டெல் 'கோர் அல்ட்ரா சீரிஸ் 3' என்ற வரிசையை வெளியிட்டது. வெளிவருவதற்கு முன் 'பேந்தர் லேக்' என்று பேசப்பட்டது இதுதான். இதன் பிராசசர் பகுதி அமெரிக்காவின் அரிசோனாவில், இன்டெல்லின் சொந்தத் தொழிற்சாலையில், '18ஏ' என்ற புதிய முறையில் தயாராகிறது. அதே கண்காட்சியில் ஏ.எம்.டி. 'ரைசன் ஏஐ 400' வரிசையை அறிவித்தது. குவால்காம் அதற்கு முன்பே, 2025 செப்டம்பரில், 'ஸ்னாப்டிராகன் எக்ஸ்2' சிப்பை அறிவித்துவிட்டது. ஆப்பிள் 2025 அக்டோபரில் எம்5 சிப்புடன் 14 அங்குல மேக்புக் புரோவைக் கொண்டுவந்தது.

அடுத்து, நிறுவனங்களே திட்டம் என்று சொன்னவை. இன்டெல்லின் அடுத்த வரிசையான 'நோவா லேக்' 2026 கடைசியில் தொடங்கும் என்று அந்த நிறுவனம் சொன்னது. ஏ.எம்.டி. 2025 நவம்பரில் முதலீட்டாளர்களுக்குக் காட்டிய திட்டத்தில் 'மெடூசா' என்ற லேப்டாப் சிப்பை 2027ல் வைத்திருந்தது.

மூன்றாவது, வெறும் ஊகம். என்விடியாவும் மீடியாடெக்கும் சேர்ந்து விண்டோஸ் லேப்டாப்புக்கு ஒரு சிப் கொண்டுவரப் போகின்றன என்று 2025 முழுவதும் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்று வரும், நாளை வரும் என்று ஆண்டு முடிந்ததுதான் மிச்சம்.

இந்தப் பட்டியலைப் படித்ததும் உங்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். எந்த மாதத்தில் கடைக்குப் போனாலும் அடுத்த சில மாதங்களில் ஏதோ ஒரு புது சிப் காத்துக்கொண்டுதான் இருக்கும். அதற்காகப் பொறுப்பது என்று ஆரம்பித்தால் லேப்டாப் வாங்கவே முடியாது!

பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்

சிப் வாங்குவதில் இன்னொரு சிக்கல், பெயர். புதிய எண் போட்டிருப்பதெல்லாம் புதிய சிப் ஆகிவிடாது. சில உதாரணங்கள் பார்க்கலாம்.

ஏ.எம்.டி.யின் ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு என்று மூன்று சிப்கள் உண்டு. கடையில் மூன்றையும் "ரைசன் 5, செவன்த் சீரிஸ்" என்றுதான் சொல்வார்கள். விலைச்சீட்டிலும் அப்படித்தான் இருக்கும். உண்மையில் 7520யு என்பது 2019ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, 4 கோர். 7530யு ஜென் 3 வடிவமைப்பு, 6 கோர். 7540யு ஜென் 4 வடிவமைப்பு, 6 கோர். மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்கிறது. இது தெரியாதவர் 10 எண் கூட என்று மட்டும் நினைத்துக்கொள்வார்.

இன்டெல்லிலும் இதே கதைதான். 2024 தொடக்கத்தில் வந்த 'கோர் 7 150யு' சிப்பும், அதே சமயத்தில் விற்பனையில் இருந்த 'கோர் அல்ட்ரா 7' சிப்பும் ஒன்றல்ல. நடுவில் 'அல்ட்ரா' என்ற சொல் இல்லாத முதல் சிப் அதற்கு முந்தைய தலைமுறை வடிவமைப்பு. ஒரு சொல்லில் ஒரு தலைமுறை போய்விடுகிறது.

2026ல் வந்த சீரிஸ் 3 வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கோர் அல்ட்ரா 7 355' சிப்பில் 8 கோர், கிராபிக்ஸுக்கு 4 கோர். 'கோர் அல்ட்ரா எக்ஸ்7 358எச்' சிப்பில் 16 கோர், கிராபிக்ஸுக்கு 12 கோர். எண்ணில் வித்தியாசம் மூன்றுதான். உள்ளே இருப்பது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வித்தியாசம். பத்திரிகைகளிலும் வீடியோக்களிலும் "புது இன்டெல் சிப்பில் கேம் பறக்கிறது" என்று காட்டுவது பெரும்பாலும் இரண்டாவது சிப்பை. கடையில் நம் பட்ஜெட்டுக்கு எடுத்து வைப்பது முதல் சிப்பை.

பெட்டியில் போட்டிருக்கும் ஜிகாஹெர்ட்ஸ் கணக்கும் அப்படியே. அது ஒரு சில நொடிகள் எட்டக்கூடிய உச்ச வேகம். மணிக்கு 180 கிலோமீட்டர் போகும் கார் வைத்திருந்தாலும் மாலை ஆறு மணிக்கு பெருங்களத்தூரில் எவ்வளவு வேகத்தில் போக முடியும்? லேப்டாப்புக்கு அந்த நெரிசல், சூடு. மெல்லிய உடலுக்குள் அதிக வாட் சிப்பை அடைத்தால், சென்னை மே மாதத்தில் மின்விசிறி இரைந்துகொண்டே இருக்கும், சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நடுத்தர சிப் உள்ள, காற்றோட்டமான லேப்டாப் பல சமயம் அதை முந்திவிடும்.

ராம்: செருகியதா, ஒட்டியதா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பிராசசர், ராம், எஸ்.எஸ்.டி. மூன்றையும் ஒரு சமையலறையோடு ஒப்பிடலாம். சமைப்பவர் பிராசசர். பரண் எஸ்.எஸ்.டி. காய் நறுக்கி, பாத்திரம் வைத்து வேலை செய்யும் மேடைதான் ராம். எவ்வளவு கைதேர்ந்த சமையல்காரராக இருந்தாலும் மேடை ஒரு முழம்தான் என்றால் நிமிடத்துக்கு ஒரு முறை பரணுக்கு ஏறி இறங்க வேண்டியதுதான். 8 ஜிபி ராமில் விண்டோஸ் 11, பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப், ஒரு வீடியோ மீட்டிங், கூடவே ஒரு புரோகிராமிங் சாப்ட்வேர் என்று திறந்தால் நடப்பது இதுதான்.

பழைய லேப்டாப்களில் இது பெரிய பிரச்சினையாக இல்லை. பின்மூடியைத் திறந்து இன்னொரு ராம் குச்சியைச் செருகிவிடலாம். இப்போது நிலைமை மாறிவிட்டது. பல மெல்லிய லேப்டாப்களில் ராம் சிப்களை மதர்போர்டிலேயே சாலிடர் செய்துவிடுகிறார்கள். வாங்கிய நாளில் எவ்வளவோ, தூக்கி எறியும் நாளிலும் அவ்வளவே. ரிச்சி ஸ்ட்ரீட் முழுக்கச் சுற்றினாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது, சிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே ராமும் முடிவாகிவிடுகிறது என்பது. மேலே சொன்ன ரைசன் 5 7520யு ஒட்டிய ராமுடன் மட்டுமே வரும். 2024ல் இன்டெல் கொண்டுவந்த 'லூனார் லேக்' வரிசையில் ராமை சிப் இருக்கும் தகட்டிலேயே வைத்துவிட்டார்கள். அந்த வரிசையில் 'கோர் அல்ட்ரா 7 256வி' என்றால் 16 ஜிபி, '258வி' என்றால் 32 ஜிபி. கடைசி இலக்கமே ராமின் அளவு! வேறு அளவு கிடையாது. சீரிஸ் 3ல் ராம் மறுபடியும் வெளியே வந்துவிட்டது. ஆனாலும் கிராபிக்ஸில் 12 கோர் உள்ள உயர்ந்த வகை, எல்பிடிடிஆர்5எக்ஸ் என்ற ராமுடன் மட்டுமே வேலை செய்யும். அந்த ராம் சாதாரண ஸ்லாட்டில் செருகும் குச்சியாக வருவதில்லை. ஆக, எல்லாரும் ஆசைப்படும் சிப்பை வாங்கினால் கூடவே ஒட்டிய ராமும் வந்துவிடும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நிறுவனங்கள் வேண்டுமென்றே செய்யும் சதி இது என்று நான் சொல்லவில்லை. சிப்புக்கு அருகிலேயே ராமை ஒட்டினால் வேகம் கூடுகிறது, பேட்டரி மிச்சமாகிறது, லேப்டாப்பும் மெலிகிறது. பயன் இருக்கிறது. ஆனால் அந்தப் பயனுக்கான விலையை நான்காவது ஆண்டில் நாம் கொடுக்கிறோம்.

இதற்கு ஒரு நடுவழியும் பிறந்திருக்கிறது. 'எல்பிகேம்2' என்ற தட்டையான ராம் அட்டை அது. எல்பிடிடிஆர் ராமையே ஸ்குரூ போட்டு மாட்டலாம், கழற்றலாம். லெனோவோ 2024ல் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் இதைக் கொண்டுவந்தது. வரப்போகும் புரொபஷனல் லேப்டாப்களில் நான் ஆவலோடு எதிர்பார்ப்பது இந்த அட்டையைத்தான். விலை உயர்ந்த மாடல்களில் முதலில் பரவும், நம் பட்ஜெட் மாடல்களுக்கு இறங்க ஆண்டுகள் ஆகும் என்பது என் ஊகம்.

பொறுத்தவர்களுக்கு என்ன ஆயிற்று?

எங்கள் தெருவில் ஒரு மாணவி. அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். 2025 ஆயுத பூஜைக்கு லேப்டாப் வாங்கிப் பொட்டு வைப்பதாக முடிவாகியிருந்தது. 16 ஜிபி ராம் உள்ள ஒரு மாடலைப் பார்த்தும் வைத்திருந்தார்கள். "ஜனவரியில் புது சிப் வருகிறது, அவசரப்படாதீர்கள்" என்று உறவினர் ஒருவர் சொன்னதால் தள்ளிப்போட்டார்கள்.

ஜனவரியில் சிப் வந்தது. ஆனால் புது சிப் உள்ள லேப்டாப்பின் விலை அவர்கள் வைத்திருந்த பணத்தைப் போல இரண்டு மடங்கு. சரி, பழைய மாடலையே வாங்கலாம் என்று போனால் அதன் விலையும் ஏறியிருந்தது. அதே பணத்துக்கு 8 ஜிபி மாடல்தான் கிடைத்தது. இடையில் ஒரு முழு செமஸ்டரை அந்தப் பெண் கல்லூரி லேபிலும் தோழியின் லேப்டாப்பிலும் ஓட்டினார். அந்த இழப்பை எந்த சிப்பும் ஈடுகட்டாது.

விலை ஏன் ஏறியது? உலகில் ராம் சிப் தயாரிப்பதில் பெரும் பங்கு சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களிடம் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு ராம் சிப்கள் கட்டுக்கடங்காமல் தேவைப்படுவதால் தயாரிப்பை அந்தப் பக்கம் திருப்பினார்கள். 2025ன் கடைசி மாதங்களில் சாதாரண ராமின் விலை வேகமாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், 'க்ரூஷியல்' என்ற பெயரில் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு ராம் விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. கம்ப்யூட்டர் பாகம் என்றால் நாள் ஆக ஆக விலை இறங்கும் என்பது நாம் பழகிய கணக்கு. ராம் அந்தக் கணக்கைப் பொய்யாக்கிவிட்டது.

இதனால் வரும் லேப்டாப்களில் என்ன நடக்கும் என்பதற்கு என் ஊகத்தையும் சொல்கிறேன். விலைச்சீட்டில் உள்ள தொகையை உயர்த்தத் தயங்கும் நிறுவனங்கள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குறைப்பார்கள். 16 ஜிபி இருந்த இடத்தில் 8 ஜிபி வரும். இரண்டு குச்சி இருந்த இடத்தில் ஒன்று வரும். புது எண் போட்ட பழைய சிப் வரும். ஸ்டிக்கர் மட்டும் பளபளவென்று இருக்கும்.

காத்திருப்பது எப்போது சரி?

எப்போதும் காத்திருக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். காத்திருந்தவர்கள் பிழைத்த சந்தர்ப்பங்களும் உண்டு.

2006 ஜனவரியில் இன்டெல் 'கோர் டுவோ' சிப்பைக் கொண்டுவந்தது. அது 32 பிட் சிப். அதே ஆண்டின் பிற்பகுதியில் லேப்டாப்களுக்கு வந்த 'கோர் 2 டுவோ' 64 பிட். பெயரில் ஒரு '2' மட்டுமே கூடுதல் என்று தோன்றினாலும், பின்னாளில் 64 பிட் சாப்ட்வேர் மட்டுமே வரத்தொடங்கியபோது முதல் சிப் வாங்கியவர்கள் நின்றுவிட்டார்கள். 2020 நவம்பரில் ஆப்பிள் இன்டெல்லை விட்டு தன் சொந்த எம்1 சிப்புக்கு மாறியது. 2025ல் வந்த மேக் ஓஎஸ் டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. மாற்றம் வருகிறது என்று அறிவிக்கப்பட்டது 2020 ஜூனில். அந்த இடைப்பட்ட மாதங்களில் பொறுத்தவர்கள் செய்தது சரி.

இரண்டிலும் பொதுவானது என்ன? சிப் வேகமானது என்பதால் அல்ல, சிப்பின் அடிப்படை மாறியதால் லாபம் கிடைத்தது. எனவே என் அளவுகோல் இதுதான். 10 சதவீதம், 20 சதவீதம் வேகம் கூடுகிறது என்று செய்தி வந்தால் பொறுக்க வேண்டாம். எந்த சாப்ட்வேர் ஓடும், எத்தனை ஆண்டு அப்டேட் வரும் என்பதே மாறுகிறது என்றால், அதுவும் நிறுவனமே தேதியோடு அறிவித்திருந்தால், பொறுக்கலாம்.

இப்போது அப்படிப்பட்ட மாற்றம் இருக்கிறதா? இரண்டைச் சொல்வார்கள். ஒன்று, என்.பி.யு. என்ற செயற்கை நுண்ணறிவுப் பகுதி. நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் போடும் என்.பி.யு., 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. இருந்தால்தான் 'கோபைலட் பிளஸ்' லேப்டாப் என்று மைக்ரோசாப்ட் விதி வைத்தது. வீட்டு உபயோகத்தில் வீடியோ அழைப்பில் பின்னணியை மங்கலாக்குவது போன்ற சில வேலைகளுக்கு அது உதவும். அதற்கென்று தனியாகப் பணம் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விதியில் 16 ஜிபி ராம் என்று எழுதியிருப்பதுதான் நமக்குக் கிடைத்த நன்மை!

இரண்டாவது, ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் வகை சிப்கள். பேட்டரி நீண்ட நேரம் நிற்கும், சூடு குறைவு. சாதாரண சாப்ட்வேர்கள் பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்றவற்றின் டிரைவர்கள் ஆர்ம் சிப்புக்கு என்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்பவர்கள், பழைய தமிழ் டைப்பிங் சாப்ட்வேர் வைத்திருப்பவர்கள் தங்கள் சாதனத்தைக் கடைக்கே எடுத்துப் போய்ச் சோதித்த பிறகு வாங்குங்கள்.

கம்பெனிகள் எப்படி வாங்குகின்றன?

ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் லேப்டாப் வாங்குகின்றன. நான் வேலை பார்த்த இடங்களில் கவனித்தது, லேப்டாப் வாங்கும் பிரிவினர் வரப்போகும் சிப் பற்றிப் பேசுவதே இல்லை. எத்தனை ஆண்டு வாரண்டி, ஆள் நேரில் வந்து சரிசெய்வாரா, ராம் எவ்வளவு, பேட்டரியை மாற்ற முடியுமா, இதே மாடல் அடுத்த ஆண்டும் கிடைக்குமா என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். புரொபஷனல் லேப்டாப் என்பதற்கு அர்த்தமே இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்கும் லேப்டாப் என்பதுதான். வீட்டுக்கு வாங்கும் நாமும் இதையே கேட்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

அந்தக் கம்பெனிகள் மூன்று, நான்கு ஆண்டு கழித்துக் கழிக்கும் லேப்டாப்கள் செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கு வருகின்றன. பட்ஜெட் குறைவானவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு, ஒரு சில விதிவிலக்கு தவிர, இன்டெல் 8வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப் வேண்டும். 6வது, 7வது தலைமுறை லேப்டாப்கள் மலிவாகக் குவிந்திருப்பதற்கு இதுதான் காரணம். வாங்கிவிட வேண்டாம்.

அரசு லேப்டாப்புக்கும் இதே கேள்வி

தமிழ்நாட்டில் 2011ல் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் அதுதான். 2025 மார்ச் பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று புதிய திட்டம் அறிவிக்கப்பட்டு, 2026 ஜனவரியில் லேப்டாப் வழங்கத் தொடங்கினார்கள். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. உள்ள லேப்டாப்கள்.

நல்ல திட்டம். இதில் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இப்படிப்பட்ட டெண்டர்களில் சிப்பின் பெயரை எழுதுவதற்கு முன், "காலியாக ஒரு ராம் ஸ்லாட் இருக்க வேண்டும்" என்ற வரியை எழுதுங்கள். இறுதியாண்டில் புராஜெக்ட் செய்யும்போது 8 ஜிபி போதாது என்றால், பகுதி நேர வேலை பார்த்தாவது ஒரு ராம் குச்சி வாங்கிப் போட்டுக்கொள்ள மாணவனால் முடியும். ஒட்டிய ராம் என்றால் அவன் முன் இருக்கும் ஒரே வழி வேறு லேப்டாப். லட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் நிறுவனங்கள் மறுக்க மாட்டார்கள். தனியாளாகக் கடையில் நின்று நாம் கேட்பதற்கும் அரசு கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. மெப்ஸிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நம் ஊர் ஆட்களே பொருத்துகிற லேப்டாப்பில் நம் தேவைக்கு ஏற்ற ஒரு ஸ்லாட் கேட்பது பேராசை இல்லை.

கடைக்குப் போகும் முன்

கடைசியாக, புதிதாக வாங்குகிறவர்கள் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போக வேண்டியவை:

1. ராம் 16 ஜிபி உள்ளதா? பணம் 8 ஜிபிக்குத்தான் இருக்கிறது என்றால், காலி ஸ்லாட் உள்ள மாடல் மட்டும் வாங்குங்கள். சிப்பில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை.

2. ராம் ஒட்டியதா, செருகியதா? கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் நீங்களே பார்க்கலாம். டெமோ லேப்டாப்பில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பாமன்ஸ், பிறகு மெமரி. 'பார்ம் பேக்டர்' என்ற இடத்தில் 'சோடிம்' என்று இருந்தால் செருகியது. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ஒட்டியது. அதன் மேலேயே எத்தனை ஸ்லாட் உள்ளது, எத்தனை நிரம்பியுள்ளது என்றும் காட்டும்.

3. சிப்பின் முழுப் பெயர் என்ன? "ஐ5", "ரைசன் 5" என்ற அளவில் நிறுத்தாமல் கடைசி எழுத்து வரை எழுதி வாங்கி, வீட்டுக்கு வந்து தயாரிப்பு நிறுவனத்தின் பக்கத்தில் எந்த ஆண்டு வந்தது, எத்தனை கோர் என்று பாருங்கள்.

4. எஸ்.எஸ்.டி. 512 ஜிபி இருந்தால் நல்லது. பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் இதைப் பிறகும் மாற்ற முடியும் என்பதால் ராமுக்கு அடுத்த இடம் இதற்கு.

5. சர்வீஸ் சென்டர் எங்கே? தாம்பரம், குரோம்பேட்டை, வேளச்சேரி என்று பக்கத்தில் இருக்கிறதா, ஆள் வீட்டுக்கு வருவாரா?

இந்த ஐந்துக்கும் திருப்தியான பதில் கிடைத்த லேப்டாப் உங்கள் பட்ஜெட்டில் இருந்தால் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் எந்த சிப் வந்தாலும் கவலை வேண்டாம். அதற்குள் நீங்கள் ஒரு மாத வேலையை முடித்திருப்பீர்கள்.